கடற்கரையில் பாட்டு ஏன் திக்குகிறது?

எங்கள் அடுக்ககத்தில் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு என்று சுற்றிலும் வைஃபை. வீட்டுக்கு நாலைந்து கைபேசிகள், டிவி, மடிக்கணினி வேறு. இத்தனையும் காற்றில் ஒரே நேரத்தில் இரைந்துகொண்டிருக்கும்போதும் என் கழுத்தில் தொங்கும் நெக்பேண்டில் பாட்டு ஒரு சொல் பிசகாமல் ஓடுகிறது. காலையில் அதே கைபேசி, அதே நெக்பேண்டுடன் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகிறேன். கடைகளை ஒட்டிய நடைபாதையில் நடக்கும்வரை சரி. மணலில் இறங்கி, ஒரு பக்கம் கடலும் மற்ற பக்கமெல்லாம் வெட்டவெளியும் என்று ஆனதும் பாட்டு திக்கத் தொடங்குகிறது. சில நாள் என் நடைக்குத் தாளம் போடுவதுபோல அடிக்கு ஒரு திக்கல்.

கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் தற்செயலாக, நேரம் பார்ப்பதற்காகக் கைபேசியைப் பின் பாக்கெட்டிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன். திக்கல் நின்றது. பாக்கெட்டில் திரும்பப் போட்டேன், மறுபடி திக்கியது. வெட்டவெளியில் ஒரு தடை இருக்கத்தான் செய்தது. அது என் உடம்பு.

புளூடூத் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். உரிமம் வாங்காமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விடப்பட்ட இடம் அது. ரேடியோ அலைகளின் புறம்போக்கு. புறம்போக்கு நிலம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஒரு மூலையில் வைஃபை கொட்டகை போட்டிருக்கிறது, இன்னொரு மூலையில் புளூடூத், நடுவில் மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில் குடியிருக்கிறது. நேற்றைய இட்லியைச் சூடாக்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும் சமையலறையில் பாட்டு தடுமாறுவதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். அடுப்பின் கதவிடுக்கில் கசியும் சொற்ப அலைகூடப் புளூடூத்தின் சில மில்லிவாட்டுக்கு இரைச்சல்தான். (இது தண்ணீருக்கென்றே அமைந்த விசேஷ அதிர்வெண் என்று பலர் சொல்வார்கள். அப்படியில்லை. தண்ணீர் இதைவிடப் பல மடங்கு உயர்ந்த அதிர்வெண்களை இன்னும் நன்றாக உறிஞ்சும். இங்கே உறிஞ்சல் நடுத்தரம். அதனால்தான் அலை இட்லியின் தோலோடு நின்றுவிடாமல் கொஞ்சம் உள்ளேயும் இறங்கிச் சுடவைக்கிறது.)

நடுத்தரம் என்றாலும் ஓர் ஆளைத் தாண்ட முடியாத அளவுக்கு அது போதும். நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர். சதைக்குள் ஓரிரு சென்டிமீட்டர் போவதற்குள் இந்த அலையின் பெரும்பகுதி கரைந்துவிடும். இடுப்பைச் சுற்றிக்கொண்டு வரலாமே என்றால், அலையின் நீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர். இடுப்பு அதைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம். வளைந்து வருவதற்குள் இளைத்துவிடுகிறது.

அப்படியானால் வீட்டுக்குள் மட்டும் எப்படி? அங்கே அலை நேர்வழியில் வருவதே இல்லை. பின் பாக்கெட்டிலிருந்து கிளம்பி, சுவரில் பட்டு, தரையில் பட்டு, ஸ்டீல் பீரோவில் பட்டுத் தெறித்து, பத்துத் திசைகளிலிருந்து கழுத்துக்கு வந்து சேருகிறது. கடற்கரையில் தெறிப்பதற்கு எதுவும் இல்லை. புறப்பட்ட அலை வங்காள விரிகுடாவைப் பார்த்துப் போய்விடுகிறது. பத்து மீட்டர் வரை வேலை செய்யும் என்று பெட்டியில் போட்டிருக்கும் கருவி இடுப்புக்கும் கழுத்துக்கும் இடையில் தோற்பது இதனால்தான்.

வீட்டு நெரிசலில் அது தாக்குப்பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதில் தீராத வியப்பு. தன் அலைவரிசையை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, பாட்டை அனுப்பும்போது நொடிக்கு 1,600 முறை வரை தடம் மாறித் தாவுகிறது புளூடூத். நிமிடத்துக்கு 120 அடி போகும் ஒரு பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அரை நொடிதான். அதற்குள் 800 தாவல்களுக்கு இடம் இருக்கிறது, கைபேசியும் நெக்பேண்டும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் தாவ வேண்டும். 2003-க்குப் பிறகு வந்த கருவிகள், வைஃபை உட்கார்ந்திருக்கும் தடங்களை அறிந்து அவற்றைத் தவிர்க்கவும் கற்றுக்கொண்டுவிட்டன. நெரிசலில் வழி கண்டுபிடிக்கத் தெரிந்த அந்தப் புத்திசாலிக்குத் தண்ணீர் மூட்டையைத் தாண்டத்தான் வழி தெரியவில்லை.

நெக்பேண்ட் வாங்குகிறவர்கள் பெட்டியைப் படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்குத் தோன்றுவது வேறு. இந்தக் கருவியை நல்லது, கெட்டது ஆக்குவதெல்லாம் நம் உடம்பு. தண்ணீர், வியர்வையின் உப்பு, காதுக் குழாயின் வடிவம், எலும்பு இவற்றைத் தெரிந்துகொண்டால் பெட்டியில் பாதி எழுத்துகள் தேவையே இல்லை.

முதல் பாடம் தண்ணீர். காதில் தனித்தனியாகச் செருகும் இரட்டை மொட்டுகளை விட நெக்பேண்ட் இந்த விஷயத்தில் ஒரு படி மேல். தனி மொட்டுகளில் பாட்டு இரண்டு காதுக்கும் கம்பியில்லாமல் போய்ச் சேர வேண்டும். பழைய மாதிரிகளில் ஒரு மொட்டு வாங்கி மற்றதற்குக் கொடுக்கும், நடுவில் தலை என்னும் இன்னொரு தண்ணீர்க் குடம். நெக்பேண்டில் இடமும் வலமும் பிரிவது செம்புக் கம்பியில். அலை வந்து சேர வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, அது கழுத்துப் பட்டையின் ஏதோ ஒரு புறத்தில் இருக்கும் ஆன்டெனா. எந்தப் புறம் என்று பெட்டியில் போட மாட்டார்கள். கைபேசியை ஒருநாள் இடது பாக்கெட்டில், மறுநாள் வலது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திறந்த மைதானத்தில் நடந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். நீச்சல்காரர்களுக்கு மட்டும் இந்த வித்தை உதவாது. தண்ணீருக்கு அடியில் புளூடூத் கையளவு தூரம் போவதே பெரிது என்பதால் நீச்சலுக்கான கருவிகளில் பாட்டைக் கருவிக்குள்ளேயே ஏற்றிவைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது உப்பு. இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் முதல் நெக்பேண்ட் பதினோராவது மாதம் இறந்தது. ரிச்சி தெருவில் பழுது பார்ப்பவர் ஒருவர் அதை நெம்பித் திறந்து, பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் காட்டினார். சார்ஜ் செருகும் வாயைச் சுற்றிப் பச்சைப் பசேல் என்று பூத்திருந்தது. "களிம்பு சார்," என்றார். "வாக்கிங் போயிட்டு வந்த கையோட சார்ஜ் போடுவீங்களா?" போடுவேன். தினமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

களிம்பு! பித்தளை அண்டாவில் புளிக்குழம்பு வைத்தால் ஏறுமே, அதே களிம்பு. வியர்வையில் லிட்டருக்கு ஓரிரு கிராம் உப்பு இருக்கிறது, சிலருக்கு அதைவிட அதிகம். சென்னையின் ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் பிடரி வழியே இறங்கி நெக்பேண்டில் தங்குகிறது. தண்ணீரை மின்சாரத்தால் பிரிப்பதற்கு 1.23 வோல்ட் இருந்தால் கொள்கையளவில் போதும். சார்ஜர் கொடுப்பது 5 வோல்ட். உப்பு ஈரம் படிந்த இரண்டு உலோக முனைகளுக்கு நடுவில் 5 வோல்ட்டைச் செலுத்தினால், பள்ளிக்கூட ஆய்வகத்தில் பீக்கரில் செய்த மின்னாற்பகுப்பு சார்ஜ் வாயிலேயே நடக்கும். உலோகம் கரையும், கரைந்தது பச்சையாகப் படியும். நல்ல கருவிகளில் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையின் மீது மெல்லிய பூச்சு ஒன்று பூசியிருப்பார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதன் தூரத்துச் சொந்தம் அது. ஆனால் சார்ஜ் வாயின் முனைகளை அப்படி மூட முடியாது, மூடினால் மின்சாரம் ஏறாது. அதனால் அங்கே ரப்பர் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். அது இறுக்கமாக உட்காருகிறதா என்றும் பாருங்கள்.

ஐபிஎக்ஸ் 4, 5, 7 என்று பெட்டியில் இருக்கும் எண்களைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்வதில் பாதி கற்பனை. 4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்குப் பன்னிரண்டரை லிட்டர் வீதம் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடக்கும். இவை மாடிப்படிகள் அல்ல, தனித்தனிப் பரீட்சைகள். 7-இல் தேறியது 5-இல் தேறும் என்று கட்டாயம் இல்லை. எக்ஸ் என்பது தூசிக்குச் சோதித்த எண்ணை அங்கே குறிப்பிடவில்லை என்பதற்கான அடையாளம். மணலில் நடப்பவர்கள் கவனிக்க வேண்டியது. எல்லாவற்றையும் விட முக்கியம், பரீட்சை நடந்தது நல்ல தண்ணீரில், புத்தம் புதிய கருவியில். ஆறு மாதம் பிடரி வியர்வையில் ஊறியதற்கு அந்த எண் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. நடைக்கும் உடற்பயிற்சிக்கும் 5 போதும் என்பது என் கணக்கு. 7 கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கூடுதல் காசு அதற்காகக் கொடுக்க மாட்டேன்.

இனி காது. 'எக்ஸ்ட்ரா பேஸ்', 'டீப் பேஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்களே, அந்தப் பேஸ் எங்கே உண்டாகிறது தெரியுமா? சைக்கிள் பம்ப்பை எடுத்து அதன் வாயை விரலால் அடைத்துக்கொண்டு லேசாக அழுத்துங்கள், விரலில் அழுத்தம் தெரியும். விரலைக் கொஞ்சம் விலக்கினால் எவ்வளவு வேகமாக அடித்தாலும் வெறும் காற்று. காதுக் குழாய் இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான், அடியில் செவிப்பறை மூடியிருக்கிறது. மேலே சிலிக்கோன் முனை சரியாக அடைத்துக்கொண்டால் உள்ளே அடைபடுவது ஒரு சிட்டிகைக் காற்று. அதை அழுத்தி விடுவிக்க, கருவிக்குள் ஒலியெழுப்பும் பத்து மில்லிமீட்டர் தகடு கண்ணுக்குத் தெரியாத அளவு அசைந்தால் போதும். ஓர் அறையையே அதிரவைக்கத் தவில் அளவுக்கு ஸ்பீக்கர் வேண்டியிருக்க, அதே ஆழமான ஒலியை இந்தப் பொட்டுத் தகடு காதுக்குள் கொடுத்துவிடுகிறது. ஆனால் ஓரத்தில் சிறு இடைவெளி விழுந்தாலும் பம்ப்பின் கதைதான், முதலில் ஓடிப்போவது பேஸ்.

ஆகவே 10 மில்லிமீட்டர் தகடா 13 மில்லிமீட்டரா என்று ஆராய்வதற்கு முன்னால் பெட்டிக்குள் கிடக்கும் மூன்று ஜோடி சிலிக்கோன் முனைகளையும் போட்டுப் பாருங்கள். பலர் அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பதே இல்லை. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. எனக்கு இடது காதுக்கு நடுத்தரம், வலது காதுக்குப் பெரியது. போட்டுப் பார்க்கும்போது உட்கார்ந்துகொண்டு மட்டும் பார்க்காதீர்கள். வாயைத் திறந்து மூடுங்கள். தாடை அசையும்போது காதுக் குழாயின் வடிவமும் மாறும். அறையில் கச்சிதமாக இருந்த முனை, மூச்சு வாங்க வாயைத் திறந்து ஓடும்போது கழன்றுகொள்வது அதனால்தான்.

நன்றாக அடைத்துவிட்டால் வேறொரு விருந்தாளி வருவார். இரண்டு காதையும் விரலால் பொத்திக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துப் பாருங்கள். மண்டைக்குள் கல் உடைப்பதுபோல இருக்கும். கடிக்கும் சத்தம் எலும்பு வழியே எப்போதும் காதுக் குழாய்க்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. வழக்கமாக அதன் தாழ்ந்த ஒலிகள் திறந்த வாசல் வழியே வெளியேறிவிடும். வாசலை அடைத்ததும் உள்ளேயே சுழன்று செவிப்பறையை முட்டுகின்றன. முறுக்கு இடத்தில் குதிகாலை வையுங்கள். ஒவ்வொரு காலடியும் தொம், தொம் என்று பாட்டுக்கு நடுவில் விழும். அதோடு கம்பி சட்டைக் காலரில் உரசும் சரசரப்பும் சேர்ந்துகொள்ளும். கடையில் நெக்பேண்டைப் போட்டுக்கொண்டு பாட்டு எதுவும் ஓடாதபோது கம்பியை நகத்தால் சுண்டிப் பாருங்கள், நின்ற இடத்திலேயே நாலு குதி குதியுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை.

சாலையோரம் ஓடுபவர்களுக்கு இறுக அடைக்கும் முனை சரிப்படாது என்பேன். காலடிச் சத்தம் ஒரு காரணம், பின்னால் வரும் தண்ணீர் லாரியின் ஹாரன் இன்னொரு காரணம். அவர்களுக்குக் காதை அரைகுறையாக மூடும் வகையோ, கன்னத்து எலும்பு வழியே அதிர்வை அனுப்பிக் காதைத் திறந்தே விடும் வகையோ நல்லது. எலும்பு வழி வகையில் பேஸ் மெலிந்துதான் இருக்கும், பம்ப் இல்லையே. ஜிம்மில் எடை தூக்குபவர்கள் இறுக அடைத்துக்கொள்ளலாம். மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகள் உங்களுக்கு அதிகம் என்றால் நெக்பேண்டே வேண்டாம், பிடரியில் குத்திக்கொண்டே இருக்கும். யோகா வகுப்பில் சவாசனம் செய்பவர்களுக்குப் பாட்டே வேண்டாம் என்பது தனி விஷயம்.

உடற்பயிற்சிக்குப் பாட்டு உதவுமா என்ற கேள்வி பழையது. நியூயார்க்கில் ஆறு நாள் நடந்த சைக்கிள் பந்தயம் ஒன்றில், பேண்டு வாத்தியம் ஒலிக்கும்போது வீரர்கள் கூடுதல் வேகத்தில் மிதித்ததை லியோனார்ட் அயர்ஸ் என்பவர் 1911-இல் எழுதிவைத்தார். மிதமான உழைப்பில் இசை களைப்பின் உணர்வைக் குறைக்கிறது, மூச்சிரைக்கும் உச்சத்தில் அந்த உதவி தேய்ந்துவிடுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஏற்றம் இறைத்தவர்கள் இதை ஆய்வில்லாமலே அறிந்திருந்தார்கள்; அவர்கள் பாட்டு களைப்பையும் மறைத்தது, எத்தனை சால் என்று கணக்கும் வைத்தது. சுறுசுறுப்பான நடை நிமிடத்துக்கு நூற்றுப் பத்து, நூற்றிருபது அடி. அந்த வேகத்தில் இருக்கும் பாட்டைப் போட்டால் கால் தானாக அதில் விழும்.

ஆனால் பாட்டில் விழுந்த கால், விரலை ஒலி கூட்டும் பொத்தானுக்கும் கொண்டுபோகும். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் 5, 92 என்றால் வாரம் முழுவதற்கும் இரண்டரை மணி நேரம். 80-இலிருந்து 92 வரை போவது காதுக்கு இரு மடங்குக்கு மேல் உரத்த ஒலி, விரலுக்கோ நாலைந்து அழுத்தல்தான். உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் பதினையாயிரம். பறவைகளுக்கு அழிந்தால் திரும்ப முளைக்கும், நமக்கு முளைக்காது. நன்றாக அடைக்கும் முனை வெளி இரைச்சலைத் தானே குறைப்பதால் ஒலியைக் கூட்டும் தேவையும் குறைகிறது. பேஸுக்காகத் தேடிய முனை காதையும் காப்பாற்றுகிறது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஈஎன்சி, ஏஎன்சி இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஈஎன்சி நீங்கள் பேசுவது எதிராளிக்குத் தெளிவாகக் கேட்க, உங்கள் காதுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. ஏஎன்சிதான் உங்களைச் சுற்றியுள்ள இரைச்சலை எதிர் அலையால் அமுக்குவது. பேருந்து எஞ்சினுக்கு நல்லது. கடற்கரைக் காற்றில் அதன் மைக்கே காற்றை வாங்கி உறுமுவதும் உண்டு. உயர்தரக் கோடெக் (பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்பவராக இருந்தால் மட்டும் யோசியுங்கள். குறுந்தகட்டின் ஒலி நொடிக்கு 14 லட்சம் பிட்டுகள். எல்லா நெக்பேண்டிலும் இருக்கும் சாதாரண எஸ்பிசி முறை அதை மூன்றேகால் லட்சம் அளவுக்குச் சுருக்குகிறது. அலை ஓசைக்கும் மூச்சிரைப்புக்கும் நடுவில் அந்த இழப்பு என் காதுக்கு எட்டியதில்லை. அழைப்பு வந்ததும் எல்லாம் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ போல ஆகிவிடுவது கருவியின் குறை அல்ல. மைக்கும் சேர்ந்து இயங்க இருவழிப் பாதை வேண்டும், அந்தப் பாதை இன்னும் குறுகல்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் பெட்டியின் பெரிய எண்ணை நான் மதிக்கிறேன், வேறு காரணத்துக்காக. லித்தியம் பேட்டரி சில நூறு முழுச் சுற்றுகளில் தளரும். தினம் ஒன்றரை மணி நேரம் கேட்பவருக்கு, 30 மணி தாங்கும் நெக்பேண்ட் ஆண்டுக்கு 18 சுற்று. 5 மணி தாங்கும் தனி மொட்டு 110 சுற்று. எது முதலில் மூப்படையும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைந்தால் கருவியைத் தூக்கி எறிவதற்கு முன் முனையைக் கழற்றி வலையைப் பாருங்கள். பெரும்பாலும் குறும்பி அடைத்திருக்கும், உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

என் இரண்டாவது நெக்பேண்டுக்கு மூன்று வயது ஆகிறது. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே போட்டுவிடுகிறேன். சார்ஜ் ராத்திரிதான். போன வாரம் மணலில் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தவர் நின்று நின்று காதைத் தட்டிக்கொண்டிருந்தார். பின் பாக்கெட்டில் கைபேசி பிதுங்கிக்கொண்டு தெரிந்தது.

"டவர் பிரச்சினைன்னு நெனைக்கிறேன் சார், இங்க வந்தாலே இப்படித்தான்," என்றார்.

"போனை முன்னாடி சட்டைப் பையில போட்டுப் பாருங்க."

போட்டார். பத்தடி நடந்தார். திரும்பிப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார், பிறகு அந்தக் கைபேசியைப் பையிலிருந்து எடுத்துப் பின் பாக்கெட்டில் வைத்து இன்னொரு பத்தடி நடந்து பார்த்தார்.